கம்பியின் கணக்கை அறிந்தவர்

கொச்சித் துறைமுகத்துக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த கும்பளங்கி என்னும் ஊரில் என் பெரியப்பா மகன் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டா. ஓட்டு வீடு ஒன்றின் பின்னறை. சுவரெல்லாம் தென்னை நார்ப் பாய். சன்னலைத் திறந்தால் சீனவலை. அண்ணன் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் பாட்டனார் காலத்தில் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஒலிபெருக்கி, வானொலிப் பெட்டி முதலியவற்றைப் பழுது பார்த்து வாழ்ந்தவர். நானோ பல்கலைக் கழகத்தில் மின்னணுவியல் பயில்பவன். படித்த தம்பி இருக்கிறான் என்ற நம்பிக்கையில், கூடத்துக்கு வேண்டிய கம்பிகளை வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். சீட்டு எடுத்த பணத்திலிருந்து ஒரு தொகையை எண்ணிக் கையில் கொடுத்தார். அந்தக் கம்பிகளைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் ஆலிவர் ஹெவிசைடு என்னும் அறிஞரின் வாழ்க்கையைச் சொல்லாமல் முடியாது. உண்மையில் அவரைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் கம்பிக் கதையைத் தொடங்கினேன்.

அண்ணன் தம் கையாலேயே துண்டு துண்டாகச் செய்து சேர்த்த இசைக்கருவி ஒன்று அக் கூடத்தில் உண்டு. மாடுலர் சிந்தசைசர் என்பது அதன் பெயர். ஒரு பலகை ஒலியை எழுப்பும். மற்றொன்று அதை வடிகட்டும். வேறொன்று கூட்டிக் குறைக்கும். இவற்றை ஒன்றோடொன்று இணைப்பவை, இரு முனையிலும் பிளக் வைத்த முழ நீளக் கம்பிகள். அவற்றை இடம் மாற்றிச் செருகச் செருக இசையும் மாறும். பழைய தொலைபேசி நிலையங்களில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கம்பிகளைச் செருகியும் பிடுங்கியும் பேச்சை இணைத்த படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே ஏற்பாடுதான். அங்கே பிறந்த கால் அங்குலப் பிளக்கையே அமெரிக்கரான ராபர்ட் மோக் 1960களில் தம் கருவிக்கு எடுத்துக்கொண்டார். இன்று பரவியுள்ள சிறு வகைக் கருவிகளில் 3.5 மில்லிமீட்டர் பிளக் வந்துவிட்டது. நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1969-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசையறிஞர் ஒரு மோக் கருவியோடு மின்னிசைக் கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலியோர் அதில் இசை செய்தனர். நெடுங்காலம் கிடப்பில் கிடந்த அந்த ஒலிநாடாக்கள் 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

நான் பணத்தோடு ஒரு பெரிய கடைக்குப் போனேன். உறைகளின் மேல் அச்சிட்டிருந்த சொற்கள் என்னை மயக்கிவிட்டன. ஆக்சிஜன் நீக்கிய செம்பு, வெள்ளிப் பூச்சு, மேற்பரப்பு விளைவைத் தடுக்கும் பின்னல், கணித்து அமைத்த இம்பிடன்ஸ். வகுப்பில் கேட்ட சொற்கள் எல்லாம் உறையின் மேலேயே இருக்கக் கண்டால் மாணவன் மனம் எப்படி இருக்கும்? பன்னிரண்டு கம்பிகளும், 75 ஓம் என்று எழுதியிருந்த தடித்த வடம் ஒன்றும் வாங்கினேன். தொகையில் பாதி தீர்ந்தது. கருவிக்கு வேண்டியவையோ அறுபது கம்பிகள்.

அண்ணன் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். இதன் நீளம் எவ்வளவு, இந்த முனையில் இருப்பது என்ன, அந்த முனையில் இருப்பது என்ன என்றார். நீளத்தைச் சொல்லிவிட்டேன். மற்றதற்கு விடை தெரியவில்லை. அவர் வேறொன்றும் பேசாமல் கம்பியை உறைக்குள் போட்டு வைத்தார். அந்த மௌனம் என்னைச் சுட்டது. விடுமுறை முடிந்து திரும்பியதும் நூலகத்தில் புகுந்து, இம்பிடன்ஸ் என்ற சொல்லை முதலில் வழங்கியவர் யார் என்று தேடினேன். 1886-இல் அச் சொல்லை உண்டாக்கியவர் ஹெவிசைடு என்று கண்டேன். தன்தூண்டலைக் குறிக்கும் இண்டக்டன்ஸ் என்ற சொல்லும் அவருடையதே. பள்ளிப் படிப்பைப் பதினாறு வயதில் விட்டவர், கல்லூரி வாயிலை மிதிக்காதவர், நம் பாடநூலின் பாதிச் சொற்களைச் செய்து வைத்திருக்கிறார்!

ஆலிவர் ஹெவிசைடு 1850 மே 18 அன்று இலண்டன் மாநகரில் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இளையவர். தந்தையார் மரத்தில் சித்திரம் செதுக்கி அச்சுக்குக் கொடுப்பவர். அத் தொழில் நசிந்துகொண்டிருந்த காலம் அது. தாயார் சிறு பள்ளி ஒன்றை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். குழந்தைப் பருவத்தில் வந்த செங்காய்ச்சல் ஆலிவரின் செவியைக் கெடுத்துவிட்டது. தெருப்பிள்ளைகளோடு கூடி ஆட முடியாமல் ஒதுங்கி வளர்ந்தார். பின்னாளில் செவி ஓரளவு தேறியது, ஒதுக்கம் தேறவில்லை. 1865-இல் நாடு முழுவதும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் எழுதிய தேர்வில் ஐந்தாம் இடம் பெற்றார். வேடிக்கை யாதெனில், அதே தேர்வில் வடிவகணிதத்தில் அவர் தேறவில்லை. யூக்ளிடின் நிறுவல்களைப் பிள்ளைகளின் தலையில் திணிப்பதை அவர் கடைசிவரை வெறுத்தார்.

தாயின் தமக்கை தங்கையருள் ஒருவரை மணந்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். ஆய்வுக்கூடத்தில் வீட்ஸ்டன் பாலத்தோடு போராடிய எவரும் அப் பெயரை மறக்கமாட்டார். தந்தியை இங்கிலாந்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் ஒருவர். கான்செர்டினா என்னும் கைத்துருத்தி இசைக்கருவியை ஆக்கியவரும் அவரே. அந்தச் சித்தப்பாவின் செல்வாக்கால் தந்தித் துறையில் மருமக்களுக்கு வழி பிறந்தது. 1868-இல் ஆலிவர் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போடப்பட்ட கடலடி வடத்தில் தந்தியாளராக வேலைக்கு அமர்ந்தார். சில ஆண்டுகளில் நியூகாசில் நகரில் தலைமைத் தந்தியாளர் ஆனார்.

அக் காலத்தில் கடலடி வடம் என்பது மக்கள் வியந்து பேசிய பொருள். செம்புக் கம்பி, அதன்மேல் மலாய் நாட்டுக் காடுகளில் எடுத்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை, அதற்கும் மேல் இரும்புக் கவசம். 1858-இல் அட்லாண்டிக் கடலில் போட்ட முதல் வடம், அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கொடுத்ததும் சேர்ந்து, சில வாரங்களில் செத்துப்போயிற்று. 1870-இல் பம்பாய்க்கும் கடல்வழியே வடம் வந்து சேர்ந்தது. ஆனால் இவற்றில் செய்தி மெல்ல ஊர்ந்தது. இந்த முனையில் சுருக்கென்று அழுத்திய குறி, அந்த முனையில் குழம்புபோல் பரவி வந்தது. வடம் என்பது வெறும் குழாய் அன்று. நீள நெடுகிலும் மின்னைத் தேக்கிக்கொள்ளும் ஏரியும் ஆகும் என்பதை வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், 1850களில் விளக்கியிருந்தார். வடத்தின் மின்தடையையும் அதன் தேக்கத்தையும் பெருக்கிப் பார்த்தால் தாமதம் தெரியும் என்பது அவர் கணக்கு. நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும்.

நியூகாசிலில் இருந்த இளைஞர் ஒரு விந்தையைக் கண்டார். அதே வடத்தில் ஒரு திசையில் செய்தி விரைந்து சென்றது; எதிர்த்திசையில் தாமதித்தது. மற்றவர் அது அப்படித்தான் என்று விட்டிருப்பர். அவர் விடவில்லை. கடல்வடத்தின் இரு முனைகளிலும் இணைந்துள்ள தரைக் கம்பிகளும் கருவிகளும் ஒத்தவை அல்ல; அதனால்தான் வேறுபாடு என்று பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினார். இதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் கேள்வி நினைவுக்கு வந்தது. இந்த முனையில் இருப்பது என்ன, அந்த முனையில் இருப்பது என்ன?

1873-இல் மாக்ஸ்வெல்லின் மின்காந்த நூல் வெளிவந்தது. ஹெவிசைடு அதை நூலகத்தில் கண்டு புரட்டினார், ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்வரை விடுவதில்லை என்று முடிவு செய்தார். 1874-இல், இருபத்து நான்காம் வயதில், வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஐம்பது ஆண்டு உயிர் வாழ்ந்தும் அவர் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, புகையிலைக் குழாயும் எண்ணெய் விளக்குமாய், இரவு முழுதும் கணக்குப் போட்டார். நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் சுற்றத்தார் என்ன பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாய் தந்தையர் சோறு போட்டார்கள். அவர்களுக்கும் இவ் வரலாற்றில் பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன்.

அந்த அறையிலிருந்து வெளிவந்தவற்றை எண்ணினால் மலைப்பாக இருக்கும். 1876-இல், தாம்சன் விட்டுவிட்ட தன்தூண்டலையும் சேர்த்துக் கம்பியில் மின் ஓடும் முறையைச் சமன்பாடாக்கினார். நாம் தந்தியாளர் சமன்பாடுகள் என்று மனப்பாடம் செய்வது அதன் வழி வந்ததே. மாக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளாக விரித்தவற்றை 1884, 1885 ஆம் ஆண்டுகளில் நான்காகச் சுருக்கினார். இன்று உலகெங்கும் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று கற்பிக்கப்படுவது ஹெவிசைடு தந்த உருவம். ஒரு சுவிட்சைத் தட்டினால் சுழியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும் மின்னழுத்தத்தைக் கணக்கில் கையாள ஒரு படிச்சார்பை வகுத்தார். அண்ணனின் கருவியில் கட்டையை அழுத்தினால் 5 வோல்ட் எழுந்து நிற்கும். விரலை எடுத்தால் விழும். அலைநோக்கித் திரையில் அப் படிக்கட்டைப் பார்த்தபோது, பாடநூலில் செத்துக் கிடந்த ஒன்று எனக்கு உயிர்பெற்றது.

1880-இல் அவர் எடுத்த காப்புரிமை ஒன்று நம் கதைக்கு மிக நெருங்கியது. அக் காலத்தில் பக்கம் பக்கமாகச் சென்ற கம்பிகளில் ஒன்றின் செய்தி மற்றொன்றில் கசிந்து தொல்லை கொடுத்தது. ஒரு கடத்தியை மற்றொரு குழல் போன்ற கடத்திக்குள் வைத்துவிட்டால், உள்ளே நடப்பது வெளியே போகாது. வெளியே நடப்பது உள்ளே வராது என்று அவர் வழி கண்டார். இதுதான் ஒருமைய வடம். கடைவீதியில் மீட்டர் கணக்கில் அறுத்துத் தரும் கவசக் கம்பியை உரித்துப் பாருங்கள். நடுவே நூல்போல் கம்பி, சுற்றிலும் செம்புப் பின்னல். அவர் 1880-இல் எண்ணிய உருவம் அப்படியே இருக்கும். அந்தக் காப்புரிமையால் அவருக்குப் பணம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. பல நூறு பேச்சுகளை ஒரே வடத்தில் அனுப்பும் ஒருமைய வடத்தை அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தார் காப்புரிமை செய்தபோது அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி அவர் வாழ்வின் பெரும்போருக்கு வருகிறேன். தந்தி போய்த் தொலைபேசி வந்தது. பேச்சுக்குள் தாழ்ந்த ஒலியும் உண்டு, உயர்ந்த ஒலியும் உண்டு. நீண்ட வடத்தில் இவை ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகச் சேர்வதில்லை. உயர்ந்த ஒலிகள் முந்தி ஓடுகின்றன. ஓடி வழியிலேயே பெரும்பாலும் களைத்து மாய்கின்றன. தாழ்ந்தவை பின்னே அசைந்து வருகின்றன. பழனிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட கூட்டம் போல, சேருமிடத்தில் கூட்டமாக இருப்பதில்லை. ஆதலால் தொலைவிலிருந்து வரும் பேச்சு கொழகொழவென்று ஒலித்தது. இதற்கு மருந்து என்ன?

பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்பொறியாளர்களுள் பெரும்பதவி வகித்த வில்லியம் பிரீஸ், தன்தூண்டல்தான் பகை. அதைக் குறைக்க வேண்டும் என்று சாதித்தார். ஹெவிசைடு கணக்குப் போட்டு நேர்மாறாகக் கண்டார். மின்தடை, தன்தூண்டல், தேக்கம், கசிவு என்னும் நான்கும் ஒரு விகிதத்தில் அமைந்துவிட்டால், எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில், ஒரே அளவில் தேய்ந்து போய்ச் சேரும். ஒலி மெலியும், உருவம் கெடாது. நடைமுறை வடங்களில் தன்தூண்டல் மிகக் குறைவு. ஆதலால் அதைக் கூட்ட வேண்டும். வழி நெடுகச் சுருள்களை வைக்கலாம் என்றார். ஆண்டு 1887.

அவருடைய அண்ணன் ஆர்தர் அஞ்சல் துறையிலேயே பொறியாளர். தம்பியும் அண்ணனும் சேர்ந்து எழுதிய தொலைபேசிக் கட்டுரையில் இக் கொள்கை இடம்பெற்றது. துறை ஊழியரின் கட்டுரைக்கு மேலிடத்து இசைவு வேண்டும். பிரீஸ் தடுத்துவிட்டார். ஆர்தர் வேலைக்கு அஞ்சி வாய்மூடிக்கொண்டார். அதே ஆண்டில், ஹெவிசைடுக்கு இடமளித்து வந்த மின்னியல் வார இதழின் ஆசிரியர் பதவியிழந்தார். புதிய ஆசிரியர் அவருடைய தொடர்கட்டுரையை நிறுத்தினார். அக் கட்டுரைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பவுன் கிடைத்துவந்தது. அவருக்கிருந்த ஒரே வருவாய் அது. ஆளும் பேரும் பதவியும் ஒரு பக்கம். மூலையில் அமர்ந்த ஒருவரின் கணக்கு மறுபக்கம்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் இதைப் படிக்கும்போது நாம் எல்லோரும் ஹெவிசைடின் பக்கம் நிற்கிறோம். பிரீஸைத் திட்டுவது எளிது. ஆனால் கும்பளங்கியில் பத்தாம் வகுப்பு படித்தவரின் பணத்தில், கணக்குப் போடாமல் கம்பி வாங்கிய நான் யார் பக்கம் நின்றேன்?

காலம் ஹெவிசைடைக் காப்பாற்றியது. 1888-இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செய்து காட்டவே, மாக்ஸ்வெல்லின் கொள்கை அறிந்தவர்களைத் தேடி உலகம் வந்தது. ஆலிவர் லாட்ஜ் அவரைப் போற்றிப் பேசினார். 1889 தொடக்கத்தில் தாம்சனே மின்பொறியாளர் சங்கத் தலைமையுரையில் அவர் ஆராய்ச்சியைப் பாராட்டினார். 1891-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதற்குள் குடும்பம் இலண்டனை விட்டுத் தெற்கே டெவன் கடற்கரையிலுள்ள பெயின்டன் ஊருக்குக் குடியேறியிருந்தது. அங்கே அண்ணன் சார்லஸுக்கு இசைக்கருவிக் கடை. கடைக்கு மேல்மாடியில் இவர் வாசம். கீழே பியானோக்களும் பிடில்களும்; மேலே கம்பியின் கணக்கு. இன்று இசைக்கூடங்களில் நாம் இழுக்கும் ஒவ்வொரு வடத்துக்கும் இலக்கணம் எழுதியவர் இசைக்கடையின் மேல் குடியிருந்தார் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

சுருள் வைக்கும் முறையை இங்கிலாந்து கைவிட்டது, அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அங்கே தொலைபேசி நிறுவனத்தில் ஜார்ஜ் கேம்பெல் என்பவர் ஹெவிசைடின் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆயினும் 1900-இல் காப்புரிமை கொலம்பியாப் பல்கலைக் கழகப் பேராசிரியர் மைக்கேல் பூப்பினுக்குக் கிடைத்தது. அந் நிறுவனம் பூப்பினுக்குக் கொடுத்தது நான்கு இலட்சம் டாலருக்கு மேல். ஹெவிசைடுக்கும் ஏதோ கொடுக்க முன்வந்தனர் என்றும், முழு உரிமையும் தமதே என்று ஒப்புக்கொண்டாலன்றி ஒரு காசும் வேண்டா என்று அவர் மறுத்தார் என்றும் சொல்வர். வறுமையிலும் அவர் பிடிவாதம் தளரவில்லை. நண்பர்கள் நிதி திரட்டிக் கொடுத்தபோது தருமம் வேண்டா என்றார். 1896-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 120 பவுன் உதவித்தொகை அளித்தபோது, அது பிச்சையன்று, பெருமை என்று நண்பர்கள் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகே ஏற்றார்.

தாயும் தந்தையும் இறந்தபின் அவர் தனியரானார். மணம் செய்துகொள்ளவில்லை. 1902-இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், வானத்தின் உயரத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கக்கூடும். அதனால்தான் வானொலி அலை உலகின் வளைவைச் சுற்றி வருகிறது என்று குறித்தார். அமெரிக்காவில் கென்னலியும் அதே ஆண்டில் அதையே எண்ணினார். இருவர் பெயராலும் அவ்வடுக்கு வழங்கலாயிற்று. இரவில் இலங்கை வானொலியைக் கேட்ட நம் பெற்றோர் அந்த அடுக்குக்கும் கடன்பட்டவர்களே. 1905-இல் கெட்டிங்கன் பல்கலைக் கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1908 முதல் டார்க்கி நகரில் ஒரு வீட்டில் வாழ்ந்தார். முதுமை அவரை இரக்கமின்றி நடத்தியது. மஞ்சட்காமாலை வந்து வந்து வாட்டியது. எரிவாயுக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் குளிரில் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து சேர்ல் என்னும் அறிஞர் மட்டும் மனைவியோடு வந்து வந்து பார்த்துச் செல்வார். 1922-இல் மின்பொறியாளர் சங்கம் புதிதாக நிறுவிய ஃபாரடே பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று, ஏணியிலிருந்து விழுந்த சில வாரங்களில், உயிர் துறந்தார். பெயின்டன் இடுகாட்டில் பெற்றோர் பக்கத்தில் அடக்கம் செய்தனர்.

அடுத்த விடுமுறையில் கும்பளங்கி போனபோது நான் ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொண்டுபோனேன். மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் உயர்ந்த எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு. வடத்தில் மின்னலை நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் ஓர் அலையின் நீளம் 10 கிலோமீட்டர். அண்ணனின் கம்பியோ முழ நீளம். ஹெவிசைடு கடலடியில் கண்ட சிதைவு இந்த முழத்துக்குள் எங்கே நிகழப்போகிறது? மிஞ்சுவது தேக்கம் ஒன்றுதான். கவசக் கம்பியில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவு. புறப்படும் பலகையின் மின்தடை 1,000 ஓம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 15 இலட்சம் அதிர்வுக்கு மேல்தான் ஒலி மங்கத் தொடங்கும். செவிக்கு எட்டுவதைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். மேற்பரப்பு விளைவும் அப்படியே. 1885-இல் ஹெவிசைடு ஆராய்ந்த அவ் விளைவு மெய்யானதே. ஆனால் 20,000 அதிர்வில்கூட மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பாய்கிறது. நம் கம்பியின் ஆரமே அதற்குள் அடக்கம். அவர் உண்டாக்கிய சொற்களையும் ஆராய்ந்த விளைவுகளையும் உறையின்மேல் அச்சிட்டு என்னிடம் பணம் பறித்துவிட்டார்கள். அவர் கணக்கை மட்டும் அச்சிடவில்லை.

அண்ணன் தாளை வாங்கிப் படித்தார். தலையசைத்தார். பிறகு கிதாரை எடுத்துக் காட்டினார். அதன் சுருள் உயர்ந்த மறுப்பு உடையது. அங்கே பத்து மீட்டர் கம்பி இழுத்தால் உயர்ந்த ஒலி மங்குவது செவிக்கே தெரியும் என்று வாசித்து மெய்ப்பித்தார். என் கணக்கில் அந்த முனையை நான் சேர்த்திருக்கவில்லை.

இரண்டு இரவு உட்கார்ந்து நாற்பத்தெட்டுக் கம்பிகள் செய்தோம். மீட்டர் கணக்கில் வாங்கிய சாதாரணக் கவசக் கம்பி, உறுதியான பிளக், அவ்வளவே. அண்ணன் பிளக் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. உப்புக் காற்றில் மட்டப் பிளக் பச்சை பூத்துக் கரகரக்கும். கம்பி ஒடிவது நடுவில் அன்று, பிளக்கின் கழுத்தில் என்றார். பற்றவைத்த இடத்தில் இழுப்புத் தாங்கும்படி பிடிப்பை நெருக்கி வைத்தார். நான் பற்றவைத்தவற்றில் ஏழு, மீட்டர் வைத்துச் சோதித்தபோது தேறவில்லை. அவர் வைத்தவற்றில் ஒன்றும் தவறவில்லை. மைக்கிலிருந்து வரும் நீண்ட தடத்துக்கு இரட்டைக் கம்பியை முறுக்கிய வடமும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பிளக்கும் போட்டோம். இரு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பிறகும் ஒலிபெருக்கியில் 50 அதிர்வு ரீங்காரம் கேட்டது. வடத்தைக் குறை சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில், ஒரே நில இணைப்பில் செருகினார். ரீங்காரம் நின்றது.

நான் வாங்கிய பன்னிரண்டு கம்பிகளும் மற்றவற்றோடு கலந்து தொங்குகின்றன. கேட்டால் வேறுபாடு தெரியவில்லை. அந்த 75 ஓம் வடத்துக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. கணிப்பொறிக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் இடையே எண்முறை ஒலியை அனுப்பும் இணைப்பு ஒன்று உண்டு. அங்கே ஓடுவது நொடிக்கு இலட்சக்கணக்கில் எழுந்து விழும் படிக்கட்டுகள். அந்த வேகத்தில் நீளமும் மறுப்பும் கணக்கில் சேரும். பொருந்தாத வடமானால் முனையில் மோதி எதிரொலிக்கும். அண்ணன் அதை அளந்து அறுத்து, அங்கே மாட்டினார். மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டார். தோப்பும்படிக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டபடியால் அன்றிரவு அங்கேயே படுத்தேன்.